வீட்டு ஜெபத்தில் உன்னிடம் வாங்கிய ஆமென்

எனக்குப் பின்னால் இந்தக் குடும்பத்துக்கு வந்து, எனக்கு முன்னால் கிளம்பிப் போய்விட்ட என் சுகந்திக்கு,

"அக்கா, செவலைக்கு ஊசி போட்டப்ப எங்க வூட்ல யாருனா ஜெபம் வெச்சாங்களா?" என்று கேட்டாய். என் சமையலறையில் முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே கேட்டாய். சிரித்துக்கொண்டுதான் கேட்டாய். நான் அடுப்பைத் தணித்துவிட்டு உன் முகத்தைப் பார்த்தேன். சிரிப்பு வாயில் மட்டும் இருந்தது.

செவலை உங்கள் வீட்டுக் கறவை மாடு. சினையாக இருந்தபோது கொட்டகையின் ஈரத் தரையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்துபோனது. இனி அது கன்று ஈன முடியாது, ஈன விட்டால் மாடும் போய்விடும், இப்போதே ஊசி போட்டுக் கலைத்துவிடலாம் என்று மாட்டு டாக்டர் சொன்னார். உன் புருஷன் தாஸ் யோசிக்கவே இல்லை. "போடுங்க சார், மாடு பொழச்சா போதும்" என்றான். நம் மாமியார், அத்தை, டாக்டருக்குக் காபி கொடுத்தனுப்பினார். அதற்கு மேல் அங்கே ஒரு பேச்சும் இல்லை.

என்னிடம் அந்தக் கேள்வியை நீ கேட்ட அன்று உன் வயிற்றிலும் ஒரு கரு இருந்தது. அதைச் சுமந்தால் உன் உயிர் போகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். உனக்கு மட்டும் ஊரே கூடி ஜெபம் வைத்தது.

இதைப் படிக்கிறவர்களுக்கு நாம் யார் என்று தெரியாது. சொல்லிவிடுகிறேன். என் கணவர் அந்த வீட்டின் மூத்த பிள்ளை, உன் கணவன் கடைசிப் பிள்ளை. நீ மணலூர்பேட்டைப் பக்கம் அந்தக் கரும்பு வயல் நடுவிலிருக்கும் வீட்டுக்கு மருமகளாக வந்தபோது எனக்குத் தலையில் நரை விழுந்திருந்தது. நான் கல்வராயன் மலையில், கரியாலூர்ப் பள்ளிக்கூடத்தில் வருடக்கணக்காகப் பாடம் நடத்திவிட்டு, ஓய்வு பெற்றுக் கள்ளக்குறிச்சியில் இருக்கிறேன். ஓர்ப்படிகள் என்றால் சண்டைதான் என்பார்கள். நாம் சண்டை போட்டது, யார் பாத்திரம் துலக்குவது என்பதற்காக மட்டும்தான். நீ எப்போதும் ஜெயித்தாய்.

சின்ன வயதில் உனக்கு வந்த மூட்டுக் காய்ச்சல் இதயத்தின் வால்வைச் சுருக்கிவிட்டுப் போயிருந்தது. யாருக்கும் அது தெரியாது. உன் இரண்டாவது பெண், சின்னவள், பிறந்தபோதுதான் நீ மூச்சுக்குத் தவித்து, படுக்க முடியாமல் உட்கார்ந்தபடியே பல நாள் கிடந்தாய். இனிமேல் பிள்ளை வேண்டாம் என்று அப்போதே டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். குடும்பக் கட்டுப்பாடு செய்துகொள்கிறேன் என்று நீயே கேட்டாய். ஓர் ஆண்பிள்ளை இல்லாமல் எப்படி என்று அத்தை தடுத்தார். தாஸ் அம்மா பக்கம் நின்றான். உன் உடம்பைப் பற்றி அந்த வீட்டில் உன் கருத்தைத் தவிர எல்லோருடைய கருத்தும் செல்லுபடியானது.

மூன்றாவது முறை நாள் தள்ளிப்போனதும் நீ முதலில் என்னிடம்தான் வந்தாய். நாம் இருவரும் டவுன் பஸ்ஸில் போய் அந்த அம்மா டாக்டரைப் பார்த்தோம். அவர் ஸ்கேன் பார்த்தார், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார், பிறகு நாற்காலியை உன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு பேசினார்.

"இப்பவே கலைச்சா உங்களுக்கு ஆபத்து கம்மி. நாளாக ஆக ஜாஸ்தி ஆகும். சட்டப்படி உங்க சம்மதம் மட்டும் போதும்மா. வீட்டுக்காரர் கையெழுத்து வேணாம், மாமியார் கையெழுத்தும் வேணாம்."

நீ கேட்டாய்: "நான் மட்டும் சொன்னா போதுமா?"

"நீங்க மட்டும் சொன்னா போதும்."

வியாழக்கிழமை வரச் சொன்னார். திரும்பும்போது பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாய். பல வருடமாக உன்னிடம் ஒருவர்கூட "நீ சொன்னால் போதும்" என்று சொன்னதில்லை என்று எனக்கு அப்போது புரிந்தது.

நீ செய்தது ஒன்றே ஒன்றுதான். வீட்டுக்குப் போய்ப் புருஷனிடம் உண்மையைச் சொன்னாய். அது தப்பா? ஒரு மனைவி வேறு எப்படி இருப்பாள்? அவன் அம்மாவிடம் சொன்னான். அவர் நம் சபையில் ஜெபம் நடத்தும் உபதேசியாரிடம் சொன்னார். அந்த வாரத்து வீட்டு ஜெபம் புதன்கிழமை சாயங்காலம் உங்கள் வீட்டுக்கு மாற்றப்பட்டது. அதைச் சொல்ல வந்த அன்றுதான் என் சமையலறையில் செவலையைப் பற்றிக் கேட்டாய்.

வீட்டு ஜெபம் நல்ல பழக்கம்தான், சுகந்தி. நானும் அதில்தான் வளர்ந்தேன். வாரம் ஒரு வீடு, பாய் விரிப்பு, பாட்டு, வேண்டுதல், கடைசியில் டீயும் மிக்சரும். ஒருவருடைய கஷ்டத்தை எல்லோரும் சேர்ந்து சுமப்பதற்காக வைத்தது. அன்றைக்கும் வழக்கம்போலத்தான் ஆரம்பித்தது. ஒருவருக்குப் போர்வெல்லில் தண்ணீர் வரவேண்டும் என்று வேண்டினார்கள். இன்னொருவர் மகனுக்கு துபாய் விசா வரவேண்டும் என்று வேண்டினார்கள். அடுத்தது உன் கர்ப்பப்பை.

நீ என்னிடமும் டாக்டரிடமும் புருஷனிடமும் மட்டும் சொன்ன விஷயத்தை உபதேசியார் கண்ணை மூடிக்கொண்டு அந்தக் கூட்டத்துக்கே சொன்னார். உன் தலையில் கை வைத்தார். பிசாசு இந்தச் சகோதரியின் மனதில் கொலைபாதக எண்ணத்தை விதைத்திருக்கிறான் என்றார். தாயும் பிள்ளையும் பிழைப்பார்கள் என்று விசுவாசிக்கிறவர்கள் ஆமென் சொல்லுங்கள் என்றார். சொன்னார்கள். பிறகு குனிந்து, "நீயும் சொல்லும்மா" என்றார்.

எல்லோரும் காத்திருந்தார்கள். உன் மூத்தவள் பிரின்சி டீத் தட்டோடு கதவருகே நின்றுவிட்டாள். அத்தை உன் முழங்காலைத் தொட்டார். நீ சொன்னாய். பக்கத்தில் இருந்த எனக்கே சரியாகக் கேட்கவில்லை. ஆனால் அங்கிருந்த அத்தனை பேருக்கும் அது கேட்டதாம்.

நான் எழுந்து நின்றேன். "இது ஜெபம், சம்மதம் இல்ல. அவளத் தனியா கூட்டினு போய் கேளுங்க" என்றேன்.

உபதேசியார் சிரித்தபடி, "டீச்சர், இது கிளாஸ் ரூம் இல்ல" என்றார். சிரிப்பொலி எழுந்தது. என் கணவர் என் முந்தானையைப் பிடித்து இழுத்து உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. வெளியே வந்துவிட்டேன்.

வகுப்பறை இல்லைதான். வகுப்பறையாக இருந்திருந்தால் உனக்கு நியாயம் கிடைத்திருக்கும். கரியாலூரில் பிள்ளைகளை அருவிக்குக் கூட்டிப்போகும்போது, "யாருக்கு வர விருப்பமில்லை, கையைத் தூக்குங்கள்" என்று கேட்டால் ஒரு கையும் எழாது. அத்தனை பேர் முன்னால் எந்தப் பிள்ளை தூக்கும்? ஆகவே நான் ஒவ்வொருவராக வராந்தாவுக்குக் கூப்பிட்டுக் கேட்பேன். அப்போதுதான் உண்மை வரும். தண்ணீர் என்றால் பயம் டீச்சர். மாதவிடாய் டீச்சர். மாற்றுத்துணி இல்லை டீச்சர். மலைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை அருவியில் குளிப்பதற்கே இப்படித் தனியாகக் கேட்க வேண்டியிருக்கிறது. ஒரு பெண் தன் உயிரைப் பணயம் வைக்கவேண்டிய விஷயத்தை, மிக்சர் தட்டுக்கு முன்னால் உட்காரவைத்துக் கேட்டார்கள்.

மறுநாள், வியாழக்கிழமை காலை, ஆட்டோ வைத்துக்கொண்டு வந்தேன். அத்தை கேட்டை மறித்துக்கொண்டு நின்றார்.

"எதுக்கு வந்த? அவளே ஆமென் சொல்ட்டா. நீ இன்னா அவளுக்கு வக்கீலா?"

நீ உள்ளேயிருந்து பையோடு வந்தாய். "அத்த, நான் போய்ட்டு வரேன்" என்றாய். சண்டை போடும் குரல் இல்லை. மார்க்கெட்டுக்குப் போகிறவள் சொல்வது போலச் சொன்னாய். ஒரு காலில் செருப்பும் போட்டுவிட்டாய்.

அப்போது தாஸ் மாட்டுக் கொட்டகையிலிருந்து வந்தான். அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூட நீ போயிருப்பாய்.

"போ. ஆனா அப்டியே உங்கம்மா வூட்டுக்குப் போய்டு. பொண்ணுங்க இங்க இருக்கட்டும். அவங்க மூஞ்சிய இனிமே பாக்க வாணாம்."

பிரின்சியும் சின்னவளும் பள்ளிக்கூட யூனிஃபார்மில் நின்றிருந்தார்கள். நீ அவர்களைப் பார்த்தாய். பிறகு குனிந்து, போட்ட செருப்பைக் கழற்றிவைத்தாய். "நீ போ அக்கா" என்றாய்.

உன்னிடம் சம்மதம் வாங்கியது இப்படித்தான். இதைத்தான் பிறகு விசுவாசம் என்றார்கள்.

அதன்பிறகு நீ மறுத்துப் பேசிய ஒவ்வொரு தடவையும் அந்த ஆமெனை எடுத்து உன் முன்னால் வைத்தார்கள். கால் வீங்கியது, சொன்னாய். நீதானே ஆமென் சொன்னாய் என்றார்கள். படுத்தால் மூச்சு முட்டியது, சொன்னாய். அவிசுவாசம் பேசாதே என்று எண்ணெய் பூசி ஜெபித்தார்கள். நான் வந்தால் கேட்டைத் திறக்கவில்லை. உன் போனைத் தாஸ் வைத்துக்கொண்டான். அந்த அம்மா டாக்டரிடம் மறுபடி உன்னைக் கொண்டுபோனபோது காலம் கடந்துவிட்டிருந்தது. இனிக் கலைத்தாலும் ஆபத்து, வைத்திருந்தாலும் ஆபத்து என்று சொல்லிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே அவர்களால் முடிந்ததெல்லாம் செய்தார்கள். பிள்ளையை உயிரோடு எடுத்தார்கள். உன் இதயத்தால் அதற்குமேல் முடியவில்லை.

பிரசவத்துக்கு முன்னால் என்னை உள்ளே விட்டார்கள். மூக்கில் ஆக்சிஜன் குழாய். நீ அதை விலக்கிக்கொண்டு சொன்னாய்: "எனக்கு சாவறதுக்கு இஷ்டம் இல்லக்கா. யாருனா கேட்டா சொல்லு."

யாரும் கேட்கவில்லை, சுகந்தி. அதனால் கேட்காமலே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

உன்னை அடக்கம் செய்த அன்று உபதேசியார் உன்னைத் தியாகி என்றார். பெண்கள் தேம்பினார்கள். உன்னைப் பிசாசு பிடித்தவள் என்று சொன்ன அதே வாய் அதே குரலில் உன்னைப் புனிதவதி ஆக்கியது. நான் அங்கேயே பேசியிருப்பேன். உன் சின்னவள் என் கையை இறுகப் பிடித்திருந்தாள். அவளுக்காக அன்று மட்டும் வாயை மூடிக்கொண்டேன்.

அன்றிலிருந்து எனக்குக் கோபக்காரி என்று பெயர். ஆமாம், கோபக்காரிதான். சபைக் கோயில் வாசலில் என்னைப் பார்த்தால் சிலர் வேறு பக்கம் போகிறார்கள். போகட்டும். டீச்சர் பிள்ளையழிப்பை ஆதரிக்கிறாள் என்கிறார்கள். நான் ஆதரிப்பது அதை அல்ல. கரியாலூரில் என் வகுப்புப் பையன் ஒருவனின் அம்மா மறுபடி கர்ப்பமானபோது, சாப்பாட்டுக்கே வழியில்லை, போய்க் கலைத்துவிட்டு வா என்று அவள் புருஷன் வீட்டார் ஜீப்பில் ஏற்றப் பார்த்தார்கள். "எனக்கு வேணும் டீச்சர்" என்று அவள் என்னிடம் ஓடிவந்தாள். நான் அவள் பக்கம் நின்றேன். பெற்றாள். உன் பக்கம் நின்றதும் அவள் பக்கம் நின்றதும் ஒரே காரணத்துக்காகத்தான். சுமக்கப்போகிறவள் அவள், சாகப்போகிறவளும் அவள். ஆகவே முடிவு செய்யவேண்டியவள் அவள்.

கரு உயிர்தானே என்று கேட்கிறார்கள். நானும் தேவனுக்குப் பயந்தவள், அந்தக் கேள்வி எனக்கும் லேசானதில்லை. ஆனால் நீயும் உயிர்தானே. அதை ஏன் ஒருவரும் கேட்கவில்லை? பக்கத்து வீட்டுக்காரனுக்குச் சிறுநீரகம் கொடுக்காவிட்டால் அவன் செத்துவிடுவான் என்றாலும், உன்னைக் கட்டிவைத்து எடுக்கச் சட்டம் இல்லை. எந்த உபதேசியாரும் தன் சிறுநீரகத்தைக் கொடுப்பதற்கு வீட்டு ஜெபம் வைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. தியாகம் என்பது தானாகக் கொடுப்பது. பறித்துக்கொண்டு அதற்குத் தியாகம் என்று பெயர் வைக்கிறவர்களோடு எனக்கு உறவாட மனமில்லை.

உன் பையனைப் பற்றிக் கேட்க உனக்கு ஆசையாக இருக்கும். நன்றாக இருக்கிறான். உன் நெற்றிதான் அவனுக்கு. இப்போதுதான் சுவரைப் பிடித்து நிற்கிறான். என் கண்ணாடியைப் பிடுங்குவதில் அப்படி ஒரு குஷி.

போன மாதம் அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு பிரின்சி வந்தாள். கூடவே தாஸும் உபதேசியாரும். உன் முதலாமாண்டு நினைவுக்குக் கல்லறையில் கருப்புக் கிரானைட் வைக்கிறார்களாம். நம் சபையில் கல்லறை வாசகம் என்றால் என்னிடம் எழுதி வாங்குவதுதான் வழக்கம். தமிழ் டீச்சர் அல்லவா. உபதேசியார் ஒரு வாசகத்தை யோசித்தே வந்திருந்தார். தன்னுயிர் ஈந்து மகனைத் தந்த தியாகத் தாய், தேவ சித்தத்துக்கு ஆமென் என்றவள். இதைக் கொஞ்சம் அழகாக்கித் தரவேண்டுமாம்.

"ஈந்தான்னு போட்டுக்கீறீங்களே, அவ கிட்ட யாரு கேட்டீங்க?" என்றேன்.

"டீச்சர், பழச கெளறாதீங்க. இந்தக் கொழந்தையப் பாருங்க. அன்னிக்கு நீங்க சொன்னத கேட்டிருந்தா இவன் இருப்பானா?"

இருந்திருக்க மாட்டான். அவரிடம் அதை ஒப்புக்கொண்டேன். அவனைப் பார்க்கும்போதெல்லாம் என் நெஞ்சில் அது தைக்கிறது. அவன்மேல் எனக்கு எவ்வளவு பிரியம் என்று உனக்குத் தெரியும். ஆனால் அவன் இருக்கிறான் என்பதால் உனக்குச் செய்தது சரியாகிவிடாது. ஒரு குழந்தையைக் கேடயமாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பேசுகிற மனிதரிடம் எனக்கு வேறு பேச ஒன்றும் இல்லை.

தாஸ் தலையைக் குனிந்தபடி கேட்டான்: "அண்ணி, நான்தான் அவள கொன்னுட்டேன்னு சொல்றீங்களா?"

"அன்னிக்கு காலைல கேட்டாண்ட நின்னு நீ இன்னா சொன்னன்னு உன் பொண்ணுங்களுக்குத் தெரியும். என்ன எதுக்குக் கேக்கற?"

அவன் அழுதான். எனக்கு இரக்கம் வரவில்லை. வரவில்லை என்பதை உன்னிடம் மறைக்கமாட்டேன்.

அவள் கடைசியாகச் சொன்னதை எழுதித் தருகிறேன், அதைப் பொறிக்கச் சொல்லுங்கள் என்றேன். எனக்குச் சாவதற்கு விருப்பம் இல்லை என்று ஒரு கல்லறையில் எழுதினால் சபைக்கே அசிங்கம் என்றார் உபதேசியார். அப்படியானால் என் கையால் ஒரு எழுத்தும் வராது என்றேன். வேறு ஆளை வைத்து எழுதிக்கொள்கிறோம் என்று எழுந்தார்.

பிரின்சி எழுந்தாள். உளுந்தூர்பேட்டையில் கல்லூரிக்குப் போய்வருகிறாள், கூட்டமான பஸ்ஸில் நின்று நின்று குரல் கணீரென்று ஆகிவிட்டது. தம்பியை என் மடியில் விட்டுவிட்டு அவள் அப்பா முன்னால் போய் நின்றாள்.

"எங்கம்மா பேரு, பொறந்த தேதி, செத்த தேதி. அது மட்டும் போடுங்கப்பா. அதுக்கு மேல ஒரு வார்த்த இருந்தா நானும் தங்கச்சியும் அங்க வர மாட்டோம். ஆமென்னும் சொல்ல மாட்டோம்."

உபதேசியார் அவளைச் சின்னப் பிள்ளை என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தார். தாஸ் அவரை நிறுத்தினான். என் கணவர் இத்தனை நாளில் முதல் தடவையாக நம் பக்கம் வாயைத் திறந்து, பெண் சொல்கிறபடியே செய்யுங்கள் என்றார். அந்தப் புதன்கிழமையே சொல்லியிருக்க வேண்டிய வாய். இருக்கட்டும், இதாவது வந்ததே.

நேற்று கல்லறைக்குப் போய்ப் பார்த்தேன். உன் பெயரும் இரண்டு தேதிகளும் மட்டும்தான் இருக்கின்றன. நீ சொன்னது அதில் இல்லை. ஆனால் நீ சொல்லாததும் இல்லை. இப்போதைக்கு உன் பெண்ணால் வாங்க முடிந்தது இவ்வளவு.

என்னால் முடிந்ததைச் சொல்கிறேன். உன் மகன் விவரம் தெரிகிற வயதுக்கு வரும்போது, உன்னால்தான் அம்மா செத்தாள் என்றோ, உனக்காகத்தான் செத்தாள் என்றோ எவனாவது அவனிடம் சொல்வான். அதற்கு முன்னால் நான் சொல்லிவிடுவேன். உன்மேல் ஒரு குற்றமும் இல்லையடா, உங்கம்மாவிடம் யாரும் கேட்கவில்லை, நடந்தது அதுதான் என்று சொல்வேன். அதுவரை உயிரோடு இருக்கப் பார்க்கிறேன். இல்லாவிட்டால் பிரின்சி சொல்வாள், அவளிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

சுகந்தி, உன்னோடு பேசுவதை நிறுத்திவிட்டு, இதை ஒட்டுக்கேட்டுக்கொண்டிருப்பவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். உங்கள் வீட்டில் ஒரு பெண் கர்ப்பமாக இருந்தால், அவளைத் தனியாக அழைத்துக்கொண்டு போங்கள். புருஷன் வேண்டாம், மாமியார் வேண்டாம், பிள்ளைகளும் வேண்டாம். உனக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். அவள் சொல்லி முடிக்கும்வரை வாயைத் திறக்காதீர்கள்.

உன் மூத்த ஓர்ப்படி,
ரெஜினா